பக்கத்து மாடியில் டிஷ், என் வளவில் தென்னை: மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வளவுக்குக் கிழக்கே உள்ள மாடிவீட்டை ஒரு தனியார் நிறுவனம் அலுவலகமாக வாடகைக்கு எடுத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் மொட்டை மாடி விளிம்பில் பெரிய டிஷ் ஒன்றைப் பூட்டினார்கள். அதன் ஓரம் எங்கள் மதிலுக்கு மேலால் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது எங்கள் இரண்டு தென்னைகளும் சிக்னலை மறைக்கின்றனவாம். வெட்டச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார்கள். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கதிர்வீச்சு என்று பயந்து மேல்மாடிக்கே போவதில்லை. மகன் ஒன்லைனில் வாங்கிய மீட்டரும் சிவப்பு காட்டுகிறது. வழக்குப் போட்டு டிஷ்ஷைக் கழற்ற வைக்க முடியுமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மரங்கள் உங்கள் வளவில் நிற்கின்றன. ஒரு தனியார் அலுவலகத்துக்கு வானம் தெரியவில்லை என்பதற்காக அவற்றை வெட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் பக்கத்து வளவுக்கு மேலால் பார்வையோ வெளிச்சமோ வேண்டும் என்றால் அதற்குக் காணி உறுதியில் எழுதிய உரிமை வேண்டும், அல்லது பத்து வருட ஆட்சியுரிமை வேண்டும். மூன்று மாத டிஷ்ஷுக்கு இரண்டுமே கிடையாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இதில் வேறு ஏதும் சொல்கிறதா என்று சிலர் கேட்பார்கள். இந்த விடயத்தில் அதற்கு வேலை இல்லை.

அடுத்தது மகளின் பயம். அதை அலட்சியப்படுத்த மாட்டேன், ஆனால் சரியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிவி பார்க்கப் பூட்டும் டிஷ் அலையை வாங்கும், அனுப்பாது. அதனால் அதிலிருந்து கதிர்வீச்சு என்ற பேச்சே இல்லை. அலுவலக இன்டர்நெட்டுக்கான டிஷ் அப்படியல்ல, அது செய்மதிக்கு அனுப்பவும் செய்யும். கீழே நின்றே வித்தியாசம் பார்க்கலாம். டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் கையின் நுனியில் கைப்பிடி அளவு சின்னத் தலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் வாங்கும் வகை. அதோடு சேர்ந்து, வெப்பம் வெளியேற வரிவரியாகத் தகடு வைத்த கனமான அலுமினியப் பெட்டியும் இரண்டு கேபிள்களும் இருந்தால் அனுப்பும் வகை. தெளிவாக ஒரு படம் எடுத்து, திகதி குறித்து வையுங்கள்.

அனுப்பும் வகை என்றே வைத்துக்கொள்வோம். இந்த அலை எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்க்கும், அதாவது அயனியாக்கும் ஜாதி அல்ல. அளவு மிஞ்சினால் உடலைச் சூடாக்கும், அதுதான் உறுதியாகத் தெரிந்த தீங்கு. அதனால் அணுசக்தி ஒழுங்குறுத்துகை சபைக்கு எழுதிப் பயனில்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அவர்களிடம் கொடுத்தது எக்ஸ்ரே, கதிரியக்கப் பொருள் போன்றவற்றை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மைதான். அந்த ஒரு வரியை மட்டும் நம்பி நீதிமன்றப் படி ஏறினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். நீதிபதி கேட்பது எண். உங்கள் மாடியில் எவ்வளவு, அனுமதித்த அளவு எவ்வளவு?

அனுமதித்த அளவுக்குப் பல நாடுகள் எடுத்துக்கொள்வது, அயனியாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணையம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். இந்த வகை அலைவரிசைக்குப் பொதுமக்களுக்கு 30 நிமிடச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 10 வாட், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 50 வாட். இப்போது உங்கள் அயலவரின் டிஷ்ஷுக்கு வருவோம். குறுக்களவு 1.2 மீட்டர், அலைவரிசை 14 கிகாஹெர்ட்ஸ், அனுப்பும் சக்தி 2 வாட் என்றால், பொறியியலாளர்கள் போடும் வழமையான கணக்கின்படி கதிருக்கு நேரே உள்ளே நின்றாலும் சதுர மீட்டருக்கு 5 வாட்டுக்குள்தான் வரும். அதே டிஷ்ஷில் 8 வாட் பெட்டி என்றால் 18 வாட் அளவுக்கு ஏறிவிடும், அது எல்லைக்கு மேலே. ஆனால் டிஷ்ஷின் கதிர் டோர்ச் வெளிச்சம் போல ஒடுக்கமானது. கதிரின் நடுவிலிருந்து டிஷ்ஷின் குறுக்களவு அளவுக்கு விலகி நின்றாலே பொதுவாக நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கதிர் மேல் நோக்கிப் போகிறது, உங்கள் மாடி அதற்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கிறது. மகள் உடுப்புக் காயப்போட மேலே போகலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். தலையிடி, தூக்கமின்மை இருந்தால் தாய்சேய் கிளினிக்கில் சொல்லட்டும், டிஷ்ஷின் மேல் போட்டுவிட்டு இருந்துவிட வேண்டாம்.

ஆனால் தென்னை வேறு கதை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். சிக்னலை மரம் மறைக்கிறது என்று அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். அது உண்மையானால் கதிர் உங்கள் தென்னையின் வட்டுக்குள்ளால் போகிறது. தேங்காய் பறிக்க ஏறுபவர் அந்த வட்டில்தான் இருந்து வேலை செய்வார். இந்த அளவு டிஷ்ஷில் முதல் 15 மீட்டருக்கு மேல் வரை கதிர் விரிந்து பலம் குறைவதும் இல்லை. மரம் ஆறு மீட்டர் தள்ளி நின்றாலும் கணக்கு மாறாது.

உண்மைதானா என்று பார்க்கவும் வழி உண்டு. யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 10 பாகை கூட இல்லை. அதனால் பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் இந்த வகைச் செய்மதிகள் எங்களுக்குத் தெற்கே, அநேகமாகத் தலைக்கு மேலேதான் தெரியும். 68.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ள செய்மதியை இங்கிருந்து பிடித்தால் கதிர் சுமார் 72 பாகை சரிவில் தென்மேற்கே ஏறும். ஆறு மீட்டர் தூரம் போவதற்குள் டிஷ்ஷுக்கு மேலே 19 மீட்டர் உயர்ந்துவிடும், எந்தத் தென்னையும் அதற்குக் குறுக்கே வராது. மாறாக 35 பாகை கிழக்கு நெடுங்கோட்டளவில், எங்களுக்கு வெகு மேற்கே தள்ளியிருக்கும் செய்மதி என்றால் சரிவு 37 பாகைதான், ஆறு மீட்டரில் நாலரை மீட்டர் உயரம், திசையும் நேரே உங்கள் வளவுப் பக்கம். அப்போது ஓலை மறிக்கத்தான் செய்யும். டிஷ்ஷின் முகம் பார்க்கும் திசையைக் கண்ணால் நம்பாதீர்கள். முன்கை கீழிருந்து நீட்டும் டிஷ்கள் பார்வைக்குத் தெரிவதைவிட 20, 25 பாகை மேலே பார்க்கும்.

ஆகவே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தச் செய்மதி, எத்தனை பாகை சரிவு, எத்தனை வாட் பெட்டி, அலைவரிசை என்ன, அனுமதிப்பத்திர இலக்கம் என்ன. பதிவுத் தபாலில், வீட்டு உரிமையாளருக்கும் ஒரு பிரதியோடு. இதைச் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதமாக அனுப்பினால் இன்னும் நல்லது. பதில் சொன்னால் மேலே சொன்ன கணக்கை யாரும் போடலாம். சொல்லாவிட்டால் அந்த மௌனமும் பிறகு உங்கள் பக்கம் பேசும்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி ரேடியோ அலை வெளியிடும் கருவியை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாவிக்க முடியாது. அந்தப் பத்திரம் கொடுப்பது கொழும்பில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அவர்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். படங்களையும் அலுவலகம் தந்த கடிதத்தின் பிரதியையும் இணைத்து, உங்கள் மாடியிலும் தென்னை வட்டின் உயரத்திலும் அளந்து பார்க்கும்படி கேளுங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த இடத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா, அளவீடு ஏதும் இருக்கிறதா என்று தனி விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும்.

மகனின் மீட்டரைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம். மலிவாக விற்கும் அந்த மீட்டர்களில் பெரும்பாலானவை சில கிகாஹெர்ட்ஸ் வரைதான் அளக்கும், 14 கிகாஹெர்ட்ஸ் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. அது சிவப்பு காட்டியது அநேகமாக உங்கள் வீட்டு வைஃபை ரௌட்டருக்கும் மகனின் போனுக்கும். சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் நிபுணர் அபிப்பிராயம் என்று சொல்ல, அந்த அலைவரிசைக்குப் பொருத்தமான, சோதித்துச் சான்று பெற்ற கருவியும் அதைப் பாவிக்கத் தெரிந்த பொறியியலாளரும் வேண்டும். 2019இல் யாழ் நகரில் 5ஜி கதிர்வீச்சு என்று பயந்து ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களுக்கு எதிராக எவ்வளவு பேர் கூடினார்கள் என்பது நினைவிருக்கும். அன்றைக்கும் கோபம் நிறைய இருந்தது, கையில் அளவீடு இருக்கவில்லை. அதே வருடம், மின்நிலைய எண்ணெய் கலந்த சுன்னாகம் கிணற்று நீர் வழக்கில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே கிணறு கிணறாக எடுத்த நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் நீதிமன்றத்தின் முன்னால் இருந்தன.

வழக்கு என்று வந்தால் கதிர்வீச்சைவிட அந்த இரண்டடிதான் உங்களுக்குப் பலம். உங்கள் நிலத்துக்கு மேலே உள்ள வெளியும் உங்களுடையது. நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து, டிஷ் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். டிஷ்ஷைத் தாங்கும் இரும்புச் சட்டகத்துக்கு அனுமதி வாங்கினார்களா என்று மாநகர ஆணையாளருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் அத்துமீறலுக்கும் தொல்லைக்கும் வழக்கிட்டு, இடைக்காலத் தடையுத்தரவும் கேட்கலாம். அளவீடு 10 வாட்டுக்கு மேலே வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நீதவான் நீதிமன்றத்தில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறதே என்பார்கள். அது ஊருக்குப் பொதுவான தொல்லைக்கு. உங்கள் ஒருவருடைய வளவுப் பிரச்சினைக்கு அது நிற்பது கடினம். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். டிஷ்ஷை மூன்று மீட்டர் உள்ளே தள்ளி உயர்த்திப் பூட்டினால் பல வேளை மரமும் தப்பும், அவர்கள் இன்டர்நெட்டும் தப்பும். செலவு பார்த்தால் அவர்களே சம்மதிக்கக்கூடும்.

இதெல்லாம் முடியும்வரை ஒரு காரியம் தவறாமல் செய்யுங்கள். தேங்காய் பறிக்க ஆள் வரும் திகதியை இரண்டு நாள் முன்னதாக அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஏறி இறங்கும்வரை அனுப்பும் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டோம் என்று பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அன்றைக்கு அந்த இரண்டு மரத்திலும் ஆளை ஏற்றாதீர்கள். ஏறுபவருக்கும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.