வீட்டுத் திறப்பை வங்கியிடம் கொடுத்தால் கடன் முடியுமா?

கேள்வி: கணவரின் வியாபாரத்துக்குத் தனியார் வங்கியொன்றில் 65 இலட்சம் ரூபா எடுத்தோம். உறுதிக்காணியும் வீடும் ஈட்டில் இருக்கின்றன. பத்து மாதமாகக் கட்டவில்லை. வங்குரோத்து மனுப் போட்டுவிட்டு, திறப்பை வங்கியிலேயே கொடுத்துவிடலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: திறப்பை மட்டும் கொடுக்காதீர்கள். இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் உறுதி எழுதினால்தான் காணி கைமாறும். அதுவரை காணி உங்கள் பெயரில்தான். வட்டியும் தண்டவட்டியும் நிற்காமல் ஏறும். ஆளில்லாத வீட்டில் கதவு, யன்னல், மோட்டர் களவு போனால் விலை விழும், அந்த நட்டமும் உங்கள் தலையில்தான் விழும்.

கடனைக் கட்ட வழியில்லை என்று போடும் வங்குரோத்து மனு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. சட்டம் 1853ஆம் ஆண்டினது. ஈடு பிடித்த வங்கியின் உரிமை அதனால் அழியாது. கைமாற்று, கடைக்கடன் போன்ற ஈடில்லாக் கடன்களுக்கே அது உதவும்.

வங்கிக் கடன் அறவீடு பற்றிய 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி வழக்கில்லாமலே ஏலம் போடலாம். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் கடனாக எடுத்த முதல் 50 இலட்சத்துக்குக் குறைவென்றால் அந்த வழியை அடைத்தது. உங்கள் முதல் அதைவிடக் கூட. பிறகும் திருத்தங்கள் வந்ததால் கடன் பத்திரத்தோடு சட்டத்தரணியைப் பாருங்கள். ஏலம் போடும் வங்கிப் பணிப்பாளர் சபைத் தீர்மானம் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரும், பிரதி உங்களுக்கும் வரும். பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஏலத் திகதி அதில்தான் தெரியும். அந்தத் திகதிக்கு முன்பு மீதிக் கடன் முழுவதையும் வட்டியையும் செலவையும் கட்டினால் ஏலம் நிற்கும்.

எங்கள் அபிப்பிராயம், நீங்களே விற்பதுதான் நல்லது. ஏலத்தில் பெரும்பாலும் அடிமாட்டு விலைதான். முதல், வட்டி, தண்டவட்டி வேறுவேறாகக் காட்டிய மீதிக்கூற்றை எழுத்தில் எடுங்கள். வாங்குபவரின் காசு நேரே வங்கிக்குப் போகட்டும். ஈட்டு மீட்பும் விற்பனை உறுதியும் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசிடம் முடியட்டும்.

ஆள் கிடைக்காமல் வங்கிக்கே எழுதுவதென்றால், உறுதியில் கையெழுத்து வைக்க முதல் தலைமை அலுவலக அறவீட்டுப் பிரிவின் கடிதம் கையில் இருக்கவேண்டும். கிளை முகாமையாளரின் வாய்ச்சொல் போதாது. என்ன விலைக்கு ஏற்கிறார்கள், அது முழுக்கடனுக்கும் தீர்வா, பிணை நின்றவர்கள் விடுபடுகிறார்களா என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். பிணைகாரரை எழுதாமல் விட்டால், மிச்சக் கடனுக்கு வங்கி அவர்களைத் தேடிப் போகும். பிணை நின்ற ஆசிரியரோ எழுதுவினைஞரோ சம்பளத்தில் கட்ட நேரிடும்.

கேள்வி: பெர்மிட் காணியைக் கடன் தந்தவருக்கு எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: முடியாது. பெர்மிட் காணி அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு மாறாகச் செய்யும் கைமாற்றம் செல்லுபடியாகாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினாலும், பெர்மிட்டின் மூலப்பிரதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் அவருக்குக் காணி உரிமை வராது. அவரைக் குடியிருத்திவிட்டு நீங்கள் வெளியேறினால் ஆபத்து உங்களுக்குத்தான்: நிபந்தனை மீறியதாகப் பிரதேச செயலாளர் பெர்மிட்டை இரத்துச் செய்ய நடவடிக்கை எடுக்கலாம். காணியிலேயே இருங்கள். மூலப்பிரதி அவரிடம் இருந்தால் அதைக் காணி உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவியுங்கள்; கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கடனைத் தவணையாகக் கட்டுவதைத் தனியாகப் பேசி, ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.