வளரும் குதிரைக்கு எந்தச் சேணம்?

கேள்வி: மூன்று வயது மார்வாரி குதிரை வைத்திருக்கிறேன், இன்னும் வளர்கிறது. கம்மி விலையில் சேணம் வேண்டும். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம், அங்கேயே தைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தோல் கிடைக்கும், சரி. ஆனால் சேணத்துக்கு உயிரே உள்ளே இருக்கும் சட்டம்தான். ஷூ தைப்பவரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். கான்பூரில் தயாராகும் சிந்தெடிக் சேணமே போதும், அதிலும் முன்பக்க இரும்பு வளைவைக் கழற்றி மாற்றும் வகை என்றால் குதிரை அகலமாகும்போது வளைவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழையது வாங்கினால் இரு முனையையும் பிடித்து அழுத்திப் பாருங்கள், நடுவில் மடங்கினால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

விரிப்பு போடாமல் வைத்துப் பாருங்கள். ஆள் ஏறிய பிறகும் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. ஓட்டிவிட்டு வந்து கழற்றும்போது, சேணம் பட்ட இடமெல்லாம் வியர்த்திருக்க ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் அழுத்துகிறது. தடிமனான விரிப்பைத் திணித்துச் சமாளிக்காதீர்கள், இன்னும் இறுகும்.

அப்புறம், முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயதாகும். இப்போதைக்கு எடை குறைந்த ஆள், கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.