பாதிப் பாணும் பீலித் தண்ணியும்

கேள்வி: எனக்கு வயது 23. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டவுன் கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறேன். பகலில் பிளேன்டீ மட்டும்தான். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அரை றாத்தல் பாண், பிஸ்கட், மிஞ்சின சோறு என்று அகப்பட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, லயனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறேன். ஒரு வருசமாக, வாரத்தில் மூன்று நாலு தரம். போன வெள்ளி அத்தை, "நல்லா ஊதிட்டியே" என்று சிரித்தார். அன்றைக்கு இரண்டு தரம். தோழி ஒருத்தி டி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சையைச் சொல்கிறாள். அது கையை வெட்டிக்கொள்கிறவர்களுக்கு உரியதாமே?

பதில்: மகள், முதலில் உடம்பைப் பார்ப்போம். இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள், ஈசிஜியும் எடுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். ஆள் மெலியாமல் இருந்தாலும் இது நடக்கும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வாந்திக்குப் பிறகு உடனே பல் தீட்டாதீர்கள். அமிலம் பட்ட பல் தேய்ந்துவிடும். வாய் கொப்பளித்தால் போதும்.

டி.பி.டி. பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஷா லினெஹான், தற்கொலைக்கு முயன்ற பெண்களுக்காகத்தான் இதை உருவாக்கினார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் இதை அளவுமீறி உண்பவர்களுக்கு ஏற்ப மாற்றினார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வில், 20 வாரப் பயிற்சியை முடித்தவர்களில் 89 சதவீதமானோர் அப்படி உண்பதை நிறுத்தியிருந்தார்கள். வாந்தியும் எடுக்கிறவர்களிடம் பலன் இருந்தது, ஆனால் அத்தனை இல்லை. உங்கள் நோய்க்குப் பெயர் புலிமியாவாக இருக்கலாம், அதாவது அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி எடுத்து ஈடுசெய்கிற நோய். அதற்குக் கூடுதல் ஆதாரம் உள்ளது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. கிளினிக்கில் அதைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

டி.பி.டி.யைத் தமிழில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். (இயங்கியல் என்றதும் எனக்குத் தொழிற்சங்கக் கூட்டம்தான் ஞாபகம் வரும்.) எதிரெதிரான இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் விசயம்: இந்த நிலையில் உங்களால் முடிந்ததைத்தான் செய்திருக்கிறீர்கள், ஆனாலும் மாறத்தான் வேண்டும். ராத்திரிப் பாணைப் பேராசை என்று இந்தச் சிகிச்சை பார்ப்பதில்லை. தாங்க முடியாத வெட்கத்தை, கோபத்தை, தனிமையைக் கொஞ்ச நேரம் அமத்திவைக்கிற வழி அது என்று பார்க்கிறது.

அதனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சங்கிலி மாதிரிக் கண்ணி கண்ணியாகப் பிரிப்பார்கள். காலையில் வெறும் தேத்தண்ணி. மத்தியானம் பட்டினி. பின்னேரம் அத்தையின் பேச்சு. எல்லார் முன்னாலும் சிரித்துச் சமாளித்தது. ஒன்பது மணிக்கு இருட்டுக் குசினி. எங்கே அறுக்கலாம்? அத்தையின் வாயை அடைக்க முடியாது. மத்தியானப் பட்டினியை அறுக்கலாம். சமாளித்துச் சிரிக்காமல், "அத்தை, அப்படிச் சொல்லாதீங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லப் பழகலாம். அதையே நடித்துப் பார்த்துப் பயிற்சி எடுப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

உந்துதல் அலை மாதிரி, ஏறும், இறங்கும். அது இறங்கும்வரை தாக்குப்பிடிக்கவும் வழி சொல்லித்தருவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் இதயத் துடிப்பு மெதுவாகும், கொந்தளிப்பு தணியும். நம் பீலித் தண்ணிக்கு ஐஸ்கட்டியே வேண்டாம். ஆனால் பொட்டாசியம் குறைந்திருந்தால் இது ஆபத்து. ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை செய்யாதீர்கள்.

இந்தச் சிகிச்சையை முழுதாகத் தருகிறவர்கள் நம் பக்கம் எளிதில் கிடைக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் வாந்தி விசயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். "கேஸ்ட்ரிக்" என்று சொன்னால் மாத்திரை மட்டும்தான் கிடைக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம், தமிழில் வேண்டும் என்று கேளுங்கள்.

நாளைக்குக் காலையில் இரண்டு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பிடுங்கள், பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.