ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி கிரிட் மிடில்வேர் தேவையா?

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் ஓடும் பழைய கிளஸ்டர் (கணினித் தொகுதி) ஒன்று, உபுண்டு 22.04 போட்ட புது சர்வர்கள், விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்த மாணவர் லேப் கணினிகள், பேராசிரியரின் மேக் ஒன்று இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கிரிட்டாக்கி, அதாவது வேலைகளைப் பகிர்ந்து செய்யும் ஒரே கூட்டமாக்கித் தரச் சொல்கிறார்கள். குளோபஸ் டூல்கிட் என்ற கிரிட் மிடில்வேரை (கணினிகளை இணைத்து வேலை வாங்கும் மென்பொருளை) உபுண்டுவில் கம்பைல் செய்து கிளஸ்டருக்குக் கொண்டுபோனால் ஓட மறுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மாற்றி, தனியாக போர்ட் செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வேலைகளை வரிசைப்படுத்திப் பங்கிடுவதும் அடையாளம் சரிபார்ப்பதும்தான் மிடில்வேரின் கனமான பகுதி. அது ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில் இருந்தால் போதும். மற்ற கணினிகளில் வேலையை வாங்கி ஓட்டி, முடிவைத் திருப்பி அனுப்பும் சின்ன ஏஜெண்ட் மட்டும் இருக்கட்டும்.

குளோபஸ் உங்களுக்குத் தேவையா என்பதையே முதலில் யோசியுங்கள். அந்த டூல்கிட்டுக்கு அதை உருவாக்கியவர்கள் தந்துவந்த ஆதரவு 2018-இல் முடிந்துவிட்டது. இப்போது அதன் மூலநிரலைக் கிரிட் கம்யூனிட்டி டூல்கிட் என்ற பெயரில் ஆர்வலர்கள் பராமரிக்கிறார்கள். வெளி நிறுவனங்களின் கிரிட்டோடு இணைய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் அதை எடுங்கள். ஒரே வளாகத்துக்குள் சும்மா கிடக்கும் கணினிகளை வேலை வாங்க எச்டிகாண்டர் போதும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் வளர்ந்துவரும் மென்பொருள் அது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் தயார் நிலையில் கிடைக்கிறது. நீங்கள் கம்பைல் செய்யவே வேண்டியதில்லை.

குளோபஸ் கிளஸ்டரில் ஓட மறுத்ததன் காரணம் ஜிலிப்சி, அதாவது லினக்ஸ் நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, உபுண்டு 22.04-இல் 2.35. புது லைப்ரரியோடு இணைத்துக் கட்டிய (கம்பைல் செய்த) நிரல், தனக்கு எந்தப் பதிப்பின் செயற்கூறுகள் வேண்டும் என்பதைத் தனக்குள்ளேயே குறித்துவைத்துக்கொள்ளும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. ஆகவே இருப்பதிலேயே பழைய கணினியில்தான் கட்ட வேண்டும். அந்தக் கணினியைத் தொட முடியாவிட்டால், உபுண்டு சர்வரிலேயே சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் (அதன் லைப்ரரிகள் அடங்கிய தனிச் சூழல்) ஒன்றைத் திறந்து அதற்குள் கட்டுங்கள்.

எல்லா லைப்ரரிகளையும் ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே சேர்த்து, இணைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பயனர் பெயரையும் ஹோஸ்ட் பெயரையும் தேடும் பகுதி, ஓடும் நேரத்தில் அந்தக் கணினியின் சொந்த லைப்ரரிகளையே நாடும். கிரிட் மிடில்வேருக்குப் பயனர் யார் என்று தெரிவதுதானே அடிப்படை! அங்கேயே இடறும்.

ஆனால் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியை வலையில் வைத்துக் கிரிட் நடத்துவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. பழைய டிரைவர் எதுவும் தடுக்காவிட்டால் சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான அல்மாலினக்ஸுக்கோ ராக்கிலினக்ஸுக்கோ மாற்றிவிடுங்கள். அப்போது வேறொன்று முளைக்கலாம்: ஆய்வுக்கூடம் முன்பு தானே உருவாக்கிய அடையாளச் சான்றிதழ்கள் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறைக் கையொப்பத்தில் இருந்தால், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் புதிய பதிப்பு இயல்பு அமைப்பில் அவற்றை ஏற்காது. பாதுகாப்பு நிலையைத் தளர்த்தாமல் எஸ்எச்ஏ-256-இல் மறுபடி வழங்குங்கள்.

இனி லேப் கணினிகள். இங்கே பலரும் மறப்பது, மிடில்வேரை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் மட்டும் மாணவர்களின் நிரல் விண்டோஸுக்குப் போய்விடாது என்பதை. லினக்ஸிலிருந்து சமர்ப்பித்த வேலைக்கு லினக்ஸ் கணினிதான் வேண்டும் என்று எச்டிகாண்டர் தானாகவே நிபந்தனை சேர்த்துக்கொள்ளும். விண்டோஸ் கணினிகள் எத்தனை காலியாக இருந்தாலும் வேலை வரிசையிலேயே நிற்கும். நிபந்தனையை நீக்கினாலும், சி மொழியின் லாங் வகை 64-பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட். பைனரி கோப்பில் எழுதிய முடிவுகளைச் சேர்க்கும்போது எண்கள் குளறுபடியாகும். ஃபோர்க் அழைப்பை (தன்னைப் போல் இன்னொரு செயல்முறையை உருவாக்கும் லினக்ஸ் வசதியை) நம்பிய நிரல் என்றால் விண்டோஸில் கம்பைலே ஆகாது.

உங்களிடம் இருப்பதுதான் டூயல் பூட் ஆயிற்றே, இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுப்பலாமே! செமஸ்டர் விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று லேப் பூட்டிக் கிடக்கும் நாள்களில் எல்லாவற்றையும் உபுண்டுவில் எழுப்பிவிடுங்கள். விண்டோஸ் போர்ட் என்ற கேள்வியே எழாது. நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஆப்டெய்னர் என்ற மென்பொருளின் கன்டெய்னரில் அடைத்துக் கூடவே அனுப்பலாம். கர்னல் மட்டும் அந்தந்தக் கணினியுடையது.

டூயல் பூட்டில் கடிகாரத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும்; லினக்ஸ் வழக்கமாக அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கும். மலேசியா யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், கணினி 8 மணி நேரம் எதிர்காலத்துக்குப் போய்விடும். பயனர் சார்பில் வேலை ஓட்டக் குளோபஸ் தரும் தற்காலிக ப்ராக்ஸி சான்றிதழின் இயல்பான ஆயுளே 12 மணி நேரம்தான். சரியான கடிகாரம் உள்ள சர்வரில் எடுத்த ப்ராக்ஸிக்கு இந்தக் கணினியில் 4 மணி நேரமே மிஞ்சும். இங்கே எடுத்ததை மற்றவை இன்னும் செல்லுபடியாகவில்லை என்று தள்ளிவிடும். விண்டோஸையும் யூடிசிக்கு மாற்றிவிட்டு, உபுண்டுவில் குரோனி என்ற நேரம் சரிசெய்யும் நிரலை ஓடவிடுங்கள். வெளி நேர சர்வர்களை ஃபயர்வால் தடுத்தால், வளாகத்துக்குள் இருக்கும் நேர சர்வரைக் காட்டுங்கள்.

பேராசிரியரின் மேக்கை விட்டுவிடுங்கள். ஆப்பிள் சிலிக்கான் என்றால் ஏஆர்எம் செயலி. எச்டிகாண்டர் கிடைத்தாலும், மாணவர்களின் நிரல்களை அதற்கெனத் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். ஒரே ஒரு கணினிக்கு அந்த உழைப்பு வீண். அவர் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாகச் சர்வருக்குள் வந்து வேலையைச் சமர்ப்பிக்கட்டும்.

கடைசியாக, கணினி மையத்திடம் மத்திய சர்வரில் எச்டிகாண்டர் பயன்படுத்தும் 9618 போர்ட்டை (வலை இணைப்பு வாயிலை) வளாகத்துக்குள் மட்டும் திறக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். லேப் கணினிகள் நேட்டுக்குப் (வெளியிலிருந்து நேரடியாக அணுக முடியாத முகவரி மாற்றத்துக்குப்) பின்னால் இருந்தால், எச்டிகாண்டரின் சிசிபி என்ற இணைப்புத் தரகு வசதியை அமைத்தால் அவையே வெளியே வந்து இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். ஒவ்வொரு கணினிக்கும் ஃபயர்வாலில் ஓட்டை கேட்க வேண்டியதில்லை.