டாக்டரம்மாவைக் கேளுங்க: முகத்துக்கு ஒரு தண்ணி ஊசி

கேள்வி: வைகாசியில் மகளுக்குக் கல்யாணங்க. மண்டபம் பிடித்தாகிவிட்டது. அவளுக்கு 26 வயது, கோவையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நாள் முழுக்க ஏ.சி.யில்தான். வெயில் ஏறியதிலிருந்து கன்னம் வறண்டு, பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கிறது. 'ஹைட்ரேஷன் ஊசி' போட்டால் முகம் கண்ணாடி மாதிரி ஆகுமாம். ஒரு டாக்டரிடம் தடவைக்கு 22,000 ரூபாய், இரண்டு தடவை போட வேண்டும் என்கிறார்கள். மேக்கப் போடுகிற பெண் அதையே 7,000 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறாள். எதைச் செய்யலாம்?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: கோபி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தோப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சித்திரை வெயிலில் தென்னைக்குத் தண்ணீர் விட்ட கையோடு, பாத்தியில் மட்டையும் சோகையும் போட்டு மூடாக்கு வைப்பீர்கள் அல்லவா? மூடாக்கு இல்லாமல் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சாயங்காலத்துக்குள் மண் வெடித்துக் கிடக்கும். நம் தோலுக்கும் அப்படி ஒரு மூடாக்கு உண்டு. மேல் அடுக்கில் இருக்கும் செத்த செல்களும், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பும்தான் அது. ஏ.சி. காற்று, நாளுக்கு நாலு தடவை ஃபேஸ்வாஷ், ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரப் என்று எல்லாமாகச் சேர்ந்து அதைத்தான் பிய்த்து எடுக்கின்றன. பவுடர் திட்டாக நிற்கிறது என்கிறீர்களே, அது மூடாக்கு கலைந்ததற்கு அடையாளம். ஊசி மருந்து போவது அதற்குக் கீழே, மண்ணுக்குள். உங்கள் மகளுக்குக் கெட்டிருப்பது மண் இல்லை.

சரி, ஊசியில் என்னதான் இருக்கிறது? ஹயலுரோனிக் அமிலம். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், எரிக்கிற சமாச்சாரம் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலி அது. 1934-ல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கூழ் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கண்ணாடிக்குக் கிரேக்க மொழியில் உள்ள சொல்லையே பெயரில் சேர்த்தார்கள். இன்றைக்குப் பெண்பிள்ளைகள் 'கிளாஸ் ஸ்கின்' கேட்டு வரும்போது எனக்கு அந்த மாட்டுக் கண் ஞாபகத்துக்கு வரும். பிற்பாடு இதைச் சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். பூலாம்வலசு சேவற்கட்டுக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கிறார்கள்.

நம் உடம்பும் இதைத் தானாகச் செய்கிறது. 70 கிலோ ஆளுக்குள் சுமார் 15 கிராம் இருக்கும், அதில் பாதி தோலில்தான். தினமும் மூன்றில் ஒரு பங்கு கரைந்து புதிதாக ஊறும். அதனால் சும்மா ஊசியில் ஏற்றினால் சீக்கிரமே கரைந்து போகும். கரையாமல் நிற்க, சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னி விடுகிறார்கள். சில மருந்துகளில் ரசாயனம் சேர்த்துப் பின்னுவார்கள், சிலவற்றில் சூட்டால். ப்ரொஃபைலோ என்று ஒரு ஊசி மருந்து விற்கிறது, அது இரண்டாவது வகை. 2 மில்லியில் 64 மில்லிகிராம் மருந்து, கன்னத்துக்கு ஐந்து இடம், ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை. உங்களிடம் 'இரண்டு தடவை' என்று சொன்னது அநேகமாக இந்த மாதிரி ஒன்றாக இருக்கும்.

போட்டால் என்ன ஆகும்? தோல் மிருதுவாகும், கண்ணோரத்து மெல்லிய கோடுகள் மங்கும், சில மாதம் அப்படியே இருக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டுவிட்டு நானே திருப்திப்பட்டிருக்கிறேன். மங்கு போகாது, பரு போகாது, நிறம் மாறாது. வெயிலையும் அது தடுக்காது. 26 வயதுக் கன்னத்தில் 44,000 ரூபாய்க்கு என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டால், எனக்குப் பதில் சொல்ல வராது.

கல்யாணக் கணக்கு வேறு இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது, ஊருக்கெல்லாம் போடுகிறோமே என்று எனக்கும் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் கன்னத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து கொப்புளம், கொசு கடித்த மாதிரி. அது மறுநாளே அமுங்கிவிட்டது. ஆனால் இடது கன்னத்தில் ஒரு சின்ன ரத்த நாளத்தில் ஊசி பட்டு, ரத்தம் கட்டிவிட்டது. முதலில் ஊதா, அப்புறம் பச்சை. சரியாக நலுங்கு அன்றைக்கு நல்ல மஞ்சள். மேக்கப்பை மீறித் தெரிந்தது. ஒறம்பரை நிறைந்த வீட்டில் பெரியம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஏன் அம்மிணி, மஞ்சப் பூசி ஒரு பக்கம் மட்டும் கழுவாம உட்டுட்டியா?" என்றார். ஈரோட்டுக்காரியிடம் மஞ்சளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? "ஆமாங்க பெரிம்மா" என்றேன். ஊசி போடுவதானால் கடைசி ஊசிக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஒரு மாதமாவது இருக்கட்டும்.

அடுத்தது அந்த 7,000 ரூபாய். வேண்டாம். மேக்கப் போடும் பெண் கெட்டிக்காரியாக இருக்கலாம், ஆனால் ஊசி அவள் வேலை இல்லை. மருந்து தப்பித்தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். அந்த இடம் வெளுக்கும், வலை மாதிரி நீலம் பாயும், வலி தாங்காது. கண்ணுக்குப் போகும் குழாயில் அடைத்தால் பார்வையே போகலாம். ஹயலுரோனிடேஸ் என்ற மாற்று மருந்தை உடனே போட்டுக் கரைக்க வேண்டும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், "அந்த மருந்து கையில் இருக்குதுங்களா?" என்று முதலில் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போட வேண்டாம். பெட்டியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், பேட்ச் நம்பர் ஸ்டிக்கரை வாங்கிச் சீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இந்த ஊசி வேண்டாம். முகத்தில் சீழ்ப்பருவோ உதட்டில் அக்கியோ இருந்தால் ஆறிய பிறகு பார்க்கலாம். இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கட்டக்கூடாது என்று தாங்களாக மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள்.

இப்போதைக்கு மகளுக்கு ஒரு மாதம் மூடாக்கு வைத்தியம் செய்து பாருங்கள். ஸ்க்ரப்பைத் தூக்கிப் போடட்டும். முகம் கழுவுவது காலை, இரவு மட்டும். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காயும் முன்னே கிளிசரினோ செராமைடோ (மூடாக்கில் இருக்கும் கொழுப்பில் ஒரு வகை) உள்ள கிரீம். இதே ஹயலுரோனிக் அமிலம் சீரமாகக் கிடைக்கிறது. வாங்கினால் ஈர முகத்தில் தடவி மேலே கிரீம் போட வேண்டும், காய்ந்த முகத்தில் தடவிக்கொண்டு ஏ.சி.யில் உட்கார்ந்தால் இன்னும்தான் இழுக்கும். காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி. எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தாண்டாது.

கேள்வி: தண்ணி ஊசியோடு 'வெள்ளையாகிற டிரிப்'பும் சேர்த்து ஆஃபர் போட்டிருக்கிறார்கள். தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தும் என் முகம் வறண்டே இருக்கிறது. ஆஃபரை எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: அந்த டிரிப்பில் ஏற்றுவது குளுட்டதயோன் என்ற மருந்து. நிறத்துக்காக அதை ரத்தத்தில் ஏற்ற நம் நாட்டில் அனுமதி இல்லை. சிறுநீரகம், தைராய்டு வரை பாதிக்கலாம் என்று பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் கண்ணு. ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் பாத்ரூமுக்கு நடைதான் அதிகம், கன்னத்துக்கு வந்து சேராது. தாகத்துக்குக் குடியுங்கள், மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். வறட்சிக்கு மேலே கோபி அம்மாவுக்குச் சொன்ன வைத்தியமே போதும்.

கேள்வி: 22 வருஷமா லாரி ஓட்டுறேனுங்க. முகத்தில் வலது பக்கம் மட்டும் தோல் தடித்து, சுருங்கிப்போய்க் கிடக்கிறது. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. 'அந்த ஊசியைப் போட்டுக்கங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணாயிரும்' என்கிறாள் வீட்டுக்காரி.
— லாரி ஓட்டுநர், சங்ககிரி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருஷம் வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர், முகத்தில் இடது பாதி மட்டும் வயது கூடித் தெரியும். அமெரிக்காவில் ஓட்டுநருக்கு ஜன்னல் இடது பக்கம். நமக்கு வலது.

வெயிலில் இருக்கும் புற ஊதா 'ஏ' கதிர் பக்கவாட்டுக் கண்ணாடியையும் தாண்டி வரும். நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவீர்கள், அப்புறம் கேட்கவே வேண்டாம். அது ஆழத்துக்குப் போய்த் தோலின் நாரையே அறுக்கும். கயிறு அறுந்த கட்டிலில் மெத்தை போட்ட கதைதான் அங்கே ஊசி. காசைச் சேர்த்து வையுங்கள். வலது கன்னம், காது, கழுத்து, கைக்குச் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு வண்டி எடுங்கள், டீக்கு நிறுத்தும்போது ஒரு தடவை மறுபடியும். முழுக்கைச் சட்டை போடுங்கள். தலையில் கட்டும் துண்டை வலது காது மூடும்படி கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள். ராத்திரி ஏதாவது ஒரு கிரீம், உங்கள் வீட்டுக்காரியுடையதே போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கண்ணாடியில் பார்த்து, வலது காதின் மேல் விளிம்பையும் மூக்கோரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான பொருக்கோ, ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ தட்டுப்பட்டால் தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். கொச்சி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்னிடமே வந்தாலும் சரி. பெருந்துறை பைபாஸ் ஓரத்தில் லாரி நிறுத்த இடம் இருக்கிறது.