காதலியை மறைத்துவிட்டு டேட்டிங் ஷோவுக்குப் போகலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஓடிடியில் வரப்போகும் ஒரு டேட்டிங் ரியாலிட்டி ஷோவுக்குத் தேர்வாகியிருக்கிறான். அவனுக்கு மூன்று வருடமாக ஒரு காதலி உண்டு, எங்கள் வீட்டுக்கும் தெரியும். "சிங்கிள்னு எழுதிக் கையெழுத்துப் போடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார் கோ-ஆர்டினேட்டர் ஒருவர். அக்ரிமென்ட் ஆங்கிலத்தில் 30 பக்கம். மீறினால் 25 லட்சம் கட்ட வேண்டுமாம். போட்டோஷூட்டுக்கு 40 ஆயிரம் வேறு கேட்கிறார். அந்தப் பெண்ணோ, "போய்ட்டு வரட்டும், ஃபேமஸானா நமக்குத்தானே நல்லது" என்கிறாள். பின்னால் விஷயம் வெளியே வந்தால் கேஸ் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, கேஸ் வருமா என்றால், வரலாம். 25 லட்சமும் கட்ட வேண்டி வருமா என்றால், அவ்வளவு சுலபமாக வராது. அதற்கு முன்னால் அந்த 40 ஆயிரம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒழுங்கான தயாரிப்பு நிறுவனம் போட்டியாளருக்குப் பணம் கொடுக்கும், சில சமயம் ஒன்றும் கொடுக்காது, ஆனால் வாங்காது. போட்டோஷூட், பதிவுக் கட்டணம், திரும்பத் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, கேட்பவர் ஷோவை வைத்துப் பிழைக்கவில்லை, உங்கள் தம்பியின் ஆசையை வைத்துப் பிழைக்கிறார். இந்தக் கோ-ஆர்டினேட்டர்கள் பலர் சேனலின் ஆட்களும் இல்லை, தயாரிப்பு நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்களும் இல்லை. ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வேலை செய்பவர்கள். சிங்கிள் இல்லை என்று தெரிந்தால் ஆள் கழிந்துவிடும், இவருக்கு வரவேண்டியது வராது, அதனால்தான் பொய்யெழுதச் சொல்கிறார்.

"நாங்க பாத்துக்கறோம்" என்கிறாரே, அந்த 'நாங்கள்' யார் என்று அக்ரிமென்ட்டில் தேடிப் பாருங்கள். அவர் பெயர் எங்கும் இருக்காது. கடைசிப் பக்கங்களில் மட்டும் ஒரு பத்தி இருக்கும்: இந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பது மட்டுமே செல்லும், வாய்மொழியாக யார் என்ன சொல்லியிருந்தாலும் அது எங்களைக் கட்டுப்படுத்தாது. பெரும்பாலான அக்ரிமென்ட்களில் இது உண்டு, யாரும் அந்தப் பக்கம்வரை படிப்பதில்லை. அவரைச் சோதிக்க வேண்டுமா, "சார், காதலி இருப்பதை எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னபடி செய்யலாமா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வராது, போன் வரும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 'நான் யாருடனும் உறவில் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அந்த நிறுவனத்துக்குத் தரும் உறுதிமொழி. அது பொய் என்று தெரிந்தால் அவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், தர வேண்டிய பணத்தை நிறுத்தலாம், நஷ்டம் கேட்கலாம். 25 லட்சம் என்று எழுதியிருக்கிறார்களே, 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி அது ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும், முழுத் தொகையும் தானாக வந்து விழாது. ஆனால் இதைச் சொல்லித் தப்பிக்கவே நீங்கள் பல மாதம் அலைய வேண்டியிருக்கும், விசாரணை மும்பையில் ஒரு மத்தியஸ்தர் முன்னால் என்று எழுதியிருந்தால் ரயில் டிக்கெட்டும் உங்கள் செலவு. அந்தத் தொகையை எழுதுவதே வசூலிக்க அல்ல, பயமுறுத்தத்தான் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் லவ் இஸ் பிளைண்ட் ஷோவின் இரண்டாவது சீசனில் கலந்துகொண்ட ஜெரமி ஹார்ட்வெல் 2022-ல் வழக்குப் போட்டபோது, பாதியில் வெளியேறினால் 50,000 டாலர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். அவர்களுக்குச் சம்பளம் என்னவோ வாரத்துக்கு ஆயிரம் டாலர். சம்பளம், வேலை நேரம் பற்றிய அந்த வழக்கு 2024-ல் 14 லட்சம் டாலருக்கு சமரசமானது.

உங்கள் தம்பி நிலைமைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது, ஒரு பெண் பல ஆண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க ஷோவான தி பேச்சலரெட், 2019. ஜெட் வயட் என்ற பாடகர், அந்த சீசனில் தேர்ந்தெடுக்க வந்த ஹானா பிரவுனிடம் ஜெயித்து, நிச்சயதார்த்தமும் செய்துகொண்டார். அவர் ஷோவுக்குக் கிளம்பியபோது தானும் அவரும் காதலித்துக்கொண்டிருந்ததாக ஊரில் இருந்த பெண் ஒரு பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். நிச்சயம் முறிந்தது, அதுவும் கேமரா முன்னால். சேனலுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை, அதுவே ஒரு எபிசோட் ஆனது. "நாங்க பாத்துக்கறோம்" என்பதற்கு நடைமுறையில் இதுதான் அர்த்தம். விஷயம் வெளியே வந்தால் அவர்களுக்கு அது புரோமோ, உங்கள் தம்பிக்குத் தெருவில் பேச்சு. இன்று "போய்ட்டு வரட்டும்" என்கிற அந்தப் பெண், அவன் இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகுவதை ஏழு எபிசோட் பார்த்த பிறகும் அதையே சொல்வாள் என்பதற்கு எந்தப் பத்திரமும் கிடையாது.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. உண்மை பேச வேண்டிய கடமை போட்டியாளருக்கு மட்டும்தான். எடிட்டிங்கில் என்ன செய்தாலும் சம்மதம் என்று அதே அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை பேசியதில் பாதியும் வியாழக்கிழமை பேசியதில் பாதியும் ஒட்டி ஒரே வாக்கியமாக்குவது அந்தத் தொழிலில் சாதாரணம். பேசும் குரல் கேட்கிறது, ஆனால் திரையில் பேசுபவரின் முதுகோ எதிரில் இருப்பவரின் முகமோ தெரிகிறது என்றால், ஒட்டுப் போட்ட இடம் அங்கேதான் இருக்கலாம். இங்கிலாந்தில் லவ் ஐலண்ட் ஷோவின் முன்னாள் போட்டியாளர்கள் இருவர் 2018-லும் 2019-லும் இறந்த பிறகு பெரிய விவாதம் நடந்து, பங்கேற்பவர்களின் நலனுக்கென்றே அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. இங்கே? பார்ப்பவர் மனம் புண்பட்டால் ஓடிடி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் சொல்கின்றன. புண்பட்டது போட்டியாளர் என்றால் அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத்தான் காட்டுவார்கள்.

அந்தக் காகிதத்தில் ஒரு ஷரத்து இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். 'ஒளிபரப்பு முடியும் வரை, அல்லது ஒரு வருடம் வரை, திருமணம் செய்துகொள்ளக் கூடாது.' இருந்தால் பயப்பட வேண்டாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 26-வது பிரிவு, வயது வந்த ஒருவரின் திருமணத்தைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. நாளைக்கே அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாலும் இந்த ஷரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கவனியுங்கள், செல்லாதது திருமணத்துக்குப் போடும் தடை மட்டும். 'யாருடன் ஜோடி சேர்ந்தேன் என்று வெளியில் சொல்ல மாட்டேன்', 'காதலியோடு படம் எடுத்துப் போட மாட்டேன்' என்பதெல்லாம் திருமணத் தடையில் வராது, அவை ரகசியம் காக்கும் ஷரத்துகள். 'இப்போது உறவில் இல்லை' என்பதும் தடை அல்ல, அது உண்மையா பொய்யா என்ற கேள்வி. ஆக, 26-வது பிரிவு இருக்கிறதே என்று பொய்யெழுதிவிட்டுப் போனால் அது காப்பாற்றாது. கல்யாணம் பண்ணலாம், பொய்க்குப் பதிலும் சொல்லியாக வேண்டும். இரண்டும் வேறு வேறு.

ஷோவில் யாரையாவது தேர்ந்தெடுத்தால் கட்டிக்கொண்டே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. 2018-ல் கலர்ஸ் தமிழில் நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடிய எங்க வீட்டு மாப்பிள்ளை ஷோவில் 16 பெண்கள் கலந்துகொண்டார்கள், கடைசியில் ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த வருடம் சாயிஷாவை மணந்தார். தாலி கட்டச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. ஆனால் உங்கள் தம்பியிடம் ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுங்கள். நிறைவேற்றும் எண்ணம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஒரு பெண்ணோடு உடலுறவு கொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 69-வது பிரிவில் குற்றம், பத்து வருடம் வரை சிறை. ஊரில் காதலியை வைத்துக்கொண்டு போகிறவனுக்கு 'எண்ணம் இருந்தது' என்று நிரூபிக்க என்ன மிச்சம் இருக்கும்?

அப்புறம் என்னதான் செய்வது? தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு நேராக எழுதச் சொல்லுங்கள். தேர்வானது உண்மையா, கட்டணம் ஏதும் உண்டா, இப்படி ஓர் உறவு இருக்கிறது, பரவாயில்லையா என்று மூன்றே கேள்வி. வேண்டாம் என்றால் அத்தோடு போகட்டும். சரி என்றால் அந்தப் பதிலை அக்ரிமென்ட்டோடு இணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்த பிறகு கையெழுத்துப் போடட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகல் தருவதே இல்லை.

40 ஆயிரத்தை ஏற்கெனவே ஜிபேயில் அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் சொல்லுங்கள், நாள் ஆக ஆகப் பணம் கணக்கு மாறிப் போய்விடும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் காவல் நிலையம்தான். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அங்கே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நகராமல் நின்று புகாரைக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே இந்த மாதிரி ஆட்கள் பலர் பணத்தைத் திருப்பித் தரத் தாங்களாகவே போன் செய்வார்கள்.