புயல் வருஷத்துல பிறந்த அம்மாவுக்கு எந்தத் தேதி போடுறது?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நான் அமெரிக்கா வந்து பதினாறு வருஷம் ஆச்சு, டெக்சாஸ்ல இருக்கேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். போன மாசம் ஓத் எடுத்து சிட்டிசன் ஆயிட்டேன், இப்ப முதல் பாஸ்போர்ட்டுக்கு டிஎஸ்-11 பாரம் நிரப்பிட்டு இருக்கேன். சிட்டிசன் ஆனதுக்குக் கொடுத்த நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட்டை ஒரிஜினலாவே கொடுக்கச் சொல்றாங்க, தொலைஞ்சு போனா என்ன பண்றது? காப்பி எடுக்கக்கூடாதுன்னு வேற அதுலயே அச்சடிச்சிருக்கு. பாரத்துல முன்னாடியே கையெழுத்து போட்டு வச்சிட்டேன், பரவாயில்லையா? ஜூலைல ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு, புது பாஸ்போர்ட் லேட்டானா இந்தியன் பாஸ்போர்ட்லயே போயிட்டு வந்துடலாமா? அம்மாவோட லாஸ்ட் நேம் கேக்குற இடத்துல அப்பா பேரைத்தானே போடணும்? அம்மா பிறந்த தேதியும் கேக்குறாங்க, எனக்குத் தெரியாது, புயல் வருஷம்னு ஏதோ சொல்வாங்க, அதனால 01/01/1960னு போட்டுடலாம்னு இருக்கேன். முக்கியமா சர்டிபிகேட் விஷயத்தை மட்டும் தெளிவா சொல்லுங்க.
- பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: தம்பி, சர்டிபிகேட்டுக்கு அப்புறம் வர்றேன். உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் அந்த 'ஏதோ சொல்வாங்க'ங்கிற இடத்துலயே நின்னுட்டேன். ஏதோ சொல்லல தம்பி, அவங்க பிறந்த வருஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்காங்க, நீங்கதான் காதுல வாங்கிக்கல.

ராமநாதபுரம் பக்கத்துல பிறந்து வளர்ந்த ஒரு அம்மா புயல் வருஷம்னு சொன்னா அது எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? 1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியையே கடல் எடுத்துக்கிட்டுப் போன புயல், பாம்பன்ல இருந்து கிளம்பின பாசஞ்சர் ரயிலு ஜனங்களோட சேர்ந்து போச்சே, அந்த வருஷம். உங்க ஊர்ப் பக்கம் ஒரு தலைமுறை முழுக்க வயசை அந்தப் புயலை வச்சுத்தான் சொல்லும், புயலுக்கு முந்தி பிறந்தவன், புயலுக்குப் பிந்தி கல்யாணம் ஆனவன்னு. அம்மா அதைத்தான் சொல்லியிருக்கணும், கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. அதுதான்னா, 1960னு போட்டு நாலு வயசை நீங்களே கூட்டி வச்சிருக்கீங்க.

சிட்டிசன் ஆகுறதுக்கு வைக்கிற சிவிக்ஸ் டெஸ்டுக்கு எப்படிப் படிச்சிருப்பீங்க? அரசியல் சாசனம் எந்த வருஷம் எழுதினாங்கன்னு கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் 1787னு சொல்லியிருப்பீங்க. அது நல்லதுதான், வாழப் போற நாட்டோட கதை தெரியணும். ஆனா பெத்தவ என்னைக்குப் பிறந்தான்னு தெரிஞ்சுக்க பதினாறு வருஷத்துல ஒரு போன் போதலையா? இன்னொண்ணும் கேக்குறேன், கிரீன் கார்டுக்குப் போட்டப்பவும் அப்பா அம்மா பிறந்த தேதி கேட்டிருப்பாங்களே, அன்னைக்கு என்ன எழுதினீங்க? வக்கீல் ஆபீஸ்ல நிரப்பினாங்கன்னுதான் சொல்வீங்க, இதே மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வருது, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அந்தப் பாரத்தோட காப்பியை எடுத்துப் பாருங்க. அங்க ஒரு தேதி, இங்க ஒரு தேதின்னு அம்மாவுக்கு ஏற்கனவே ரெண்டு பிறந்தநாள் வச்சிருக்கீங்களோ என்னவோ.

லாஸ்ட் நேம் கேள்வியும் இதே கதைதான். அந்தக் கட்டத்தை நல்லா படிச்சுப் பாருங்க, பெத்தவங்க பிறந்தப்ப இருந்த லாஸ்ட் நேம்னு கேட்டிருக்கும். உங்க அம்மா பிறக்கும்போது உங்க அப்பா பேரோடயா பிறந்தாங்க? நம்ம வழக்கப்படி அங்க வர வேண்டியது அவங்க அப்பா பேரு, அதாவது உங்க தாத்தா பேரு. அது தெரியுமா? முழுப் பேரும் தெரியுமா இல்ல தாத்தான்னு மட்டும்தான் தெரியுமா? உங்க அப்பா பேரு உங்களுக்கு லாஸ்ட் நேமா கிரெடிட் கார்டுல இருந்து குழந்தையோட ஸ்கூல் அட்மிஷன் வரைக்கும் கூடவே வருது. அம்மாவுக்கு இந்தப் பாரத்துல கிடைக்கிறது அந்த ஒரு வரிதான், அதுலயும் பேரு தப்பா, தேதி தப்பா எழுதப் பார்த்தா எனக்குக் கோவம் வருமா வராதா?

நானும் ஒருநாள் முழிச்சுட்டு நின்னவதான். எங்கம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்தப்ப கவுன்டர்ல இருந்த பொண்ணு டேட் ஆஃப் பர்த் கேட்டா, நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன், பின்னாடி வீல்சேர்ல இருந்து அம்மா, மூச்சு வாங்கிட்டே, "யுவ வருஷம், ஆவணி மாசம், ரோகிணி"ன்னாங்க. அந்தப் பொண்ணுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது, ஆனா அந்த வார்த்தையை அன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்குறேன், எனக்கு அப்ப நாப்பத்திரெண்டு வயசு. "நீ கேட்டதே இல்லையே"ன்னாங்க அம்மா. அப்புறம் ஒரு ஜோசியர் வீட்டுல பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து தேதியைக் கண்டுபிடிச்சோம், அதுக்கப்புறம் ரெண்டே ரெண்டு பிறந்தநாள்தான் அவங்களுக்குக் கொண்டாடக் கிடைச்சுது. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

உங்களுக்கும் அதே வழிதான். 1964 சித்திரைல இருந்து 65 பங்குனி வரைக்கும் குரோதி வருஷம். அம்மாவுக்கு மாசமும் நட்சத்திரமும் தெரிஞ்சா போதும், நட்சத்திரம் இருபத்தேழு நாளைக்கு ஒரு தடவை சுத்தி வர்றதால ஒரு மாசத்துல ஒரு தேதிதான் வரும், எப்பவாவது ரெண்டு. கிடைக்கிற தேதியை உங்க போன் காலண்டர்ல போட்டு வைங்க, அது உங்க வீட்டுக்கு.

பாரத்துக்கு, அம்மாவோட ஆதார், வாக்காளர் அட்டையில என்ன தேதி இருக்குன்னு பாருங்க. அங்கயும் யாரோ ஜனவரி 1னு போட்டு வச்சிருக்கலாம், நம்ம ஊர்ல வயசானவங்க பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு. அப்படின்னா அதையே எழுதுங்க, ஏன்னா அது அவங்க ரெக்கார்டு, நீங்களா உட்கார்ந்து கற்பனை பண்ணின தேதி கிடையாது. இதுல இன்னொரு காரணமும் இருக்கு. கிரீன் கார்டு வச்சிருந்தவரைக்கும் அம்மாவுக்காக நீங்க மனு போட முடியாது, சிட்டிசன் ஆனதால இப்ப அவங்களை அங்க கூப்பிட்டுக்க ஐ-130ங்கிற மனு போடலாம், பெத்தவங்களுக்கு வருஷ கோட்டாவும் கிடையாது. அன்னைக்கு அவங்க பேப்பர் எல்லாத்துலயும் ஒரே தேதி இருக்கணும், பிறப்புச் சான்றிதழ் இல்லைன்னா கிடைக்கலைங்கிற சர்டிபிகேட்டும் விவரம் தெரிஞ்ச சொந்தக்காரங்க அஃபிடவிட்டும் வாங்கணும், அந்தப் பெரியவங்க உயிரோட இருக்கும்போதே வாங்கணும். அம்மா அங்க வந்து இருக்கப் பிரியப்படுவாங்களான்னு எனக்குத் தெரியாது, வராமலும் போகலாம். ஆனா உங்க லெட்டர்ல அந்தப் பேச்சே இல்லையே தம்பி, ஓத் எடுத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி கூட அது ஞாபகத்துக்கு வரலையா?

இப்ப மத்தது. கையெழுத்து போட்ட பாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு புதுசா நிரப்புங்க. டிஎஸ்-11ல போஸ்ட் ஆபீஸ்லயோ கவுன்டி கிளார்க் ஆபீஸ்லயோ பாரம் வாங்குறவர் முன்னாடி, எழுதினது அத்தனையும் உண்மைன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் கையெழுத்து போடணும், தெரிஞ்சே பொய் எழுதுறது குற்றம். அந்த 01/01/1960ஐ வச்சுக்கிட்டு எப்படி சத்தியம் பண்ணுவீங்க? சர்டிபிகேட்டை ஒரிஜினலா கொடுத்துத்தான் ஆகணும், தனித் தபால்ல திரும்ப வரும், பாஸ்போர்ட் மட்டும் வந்து இது வரலையேன்னு பதறாதீங்க. காப்பி எடுக்காதேன்னு போட்டிருக்கிறது சட்டப்படி அனுமதி இல்லாம எடுக்குறதுக்கு, பாஸ்போர்ட்டுக்கு அவங்களே காப்பி கேக்குறாங்க, எடுங்க, வீட்டுக்கும் ஒண்ணு வைங்க. தொலைஞ்சா புதுசு வாங்க ஐநூறு டாலருக்கு மேல ஆகும், அதனால சர்டிபிகேட் நம்பரைத் தனியா எழுதி வைங்க. போட்டோ ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச், கண்ணாடியைக் கழட்டிடுங்க. பாஸ்போர்ட்டுக்கு 130 டாலர், பாரம் வாங்குற இடத்துக்கு 35, ரெண்டையும் தனித்தனியா கட்டணும், ஜூலைல போறதா இருந்தா இன்னும் 60 கட்டி, சீக்கிரமா கிடைக்க எக்ஸ்பெடைட் போட்டுடுங்க.

இந்தியன் பாஸ்போர்ட்ல போற எண்ணத்தை இன்னைக்கே விடுங்க. நீங்க ஓத் எடுத்த அன்னைக்கே 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போயிடுச்சு, அந்த பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணணும், அதுல பயணம் பண்றது குற்றம். கிரீன் கார்டையும் ஓத் அன்னைக்கு வாங்கி வச்சிருப்பாங்க, அப்ப எதைக் காட்டித் திரும்ப வருவீங்க? சரண்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின நம்ம ஆளுங்களுக்கு இந்தியா கொடுக்குற ஓசிஐ அட்டைக்குப் போடுங்க, அது வர்றதுக்குள்ள போகணும்னா விசா எடுத்துட்டுத்தான் போகணும்.

இன்னைக்கு ராத்திரி ஊர்ல விடிஞ்சதும் கூப்பிடுங்க. எடுத்த உடனே பாஸ்போர்ட், பாரம்னு ஆரம்பிக்காதீங்க, ஏதோ ஆபீஸ் வேலைன்னு நினைச்சு சுருக்கமா சொல்லி முடிச்சுடுவாங்க. தாத்தா பேரைக் கேளுங்க, அவர் எப்படி இருப்பாருன்னு கேளுங்க, புயல் அன்னைக்கு அம்மா கைக்குழந்தையா இல்ல வயித்துக்குள்ள இருந்தாங்களா, ஆச்சி என்ன சொல்லியிருக்காங்கன்னு கேளுங்க. பக்கத்துல பேப்பரும் பேனாவும் வச்சுக்கோங்க, நடுவுல நட்சத்திரம் தானா வரும்.